வெளியே எட்டு டிகிரி

20 நவம்பர் 1996, புதன்

விடியலிலிருந்து மழை. பேட்டை பஸ் இருபது நிமிடம் தாமதம். தொழிற்பேட்டை வாசலில் கணுக்கால் தண்ணீர். செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு ஏசி பட்டறைக்குள் நுழைந்தேன்.

பதினொரு மணிக்கு அத்தான் வந்தார். அக்காவின் கணவர். மலை மேல் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், இலை தூளாகும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை, நேரே இங்கே. சட்டை முழுக்க ஈரம்.

பட்டறை முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டார்: "குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம்புக்கு ஏசி வேணும்."

அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மலையிலயா? ஐஸ்கட்டிக்கு விசிறி வீசப் போறேராவே?"

"குளிருக்கு இல்ல அண்ணாச்சி. சூட்டுக்கு."

பின் ஷெட்டில் கிடக்கும் இரண்டு ஏசி எந்திரங்கள் ஞாபகம் வந்தன. மலையில் மூடிப்போன ஒரு லாட்ஜிலிருந்து வந்தவை. ஒரு கைப்பிடியைத் திருப்பினால் திசை மாறும். வெளியே இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே விடும். கோடையில் நானும் கூட உட்கார்ந்து சரி செய்தோம். வாங்க ஆளில்லை. ஒன்று ஒரு டன், இன்னொன்று இரண்டு டன். இனி சிறிசு, பெரிசு என்றே எழுதுகிறேன்.

அத்தான் என் பக்கம் திரும்பி, "நீயே கணக்குப் போட்டுச் சொல்லு. கார்த்திகை இருபத்தேழுக்குள்ள மாட்டியாகணும்" என்றார்.

அண்ணாச்சி இல்லை, நான். நான்கு வருடமாக இந்தப் பட்டறையில் படம் போடுகிறேன், கணக்குப் போடுகிறேன். எதன் மேலும் ஒரு உயிர் படுத்திருந்ததில்லை.


21 நவம்பர், வியாழன்

மழை விட்டு விட்டு. அம்மா கொடியில் துணி போட, எடுக்க, போட.

கார்த்திகை இருபத்தேழு ஏன் என்று எழுதி வைக்கிறேன், என் மனசுக்காவது ஒழுங்காக இருக்கட்டும்.

பிள்ளை புரட்டாசியில் பிறந்தான். எட்டாம் மாதக் கடைசி. ஒன்றே முக்கால் கிலோ. இப்போது மூன்றை எட்டிப் பிடிக்கிறான். பிறந்த வீட்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுபோவது ஒற்றைப்படை மாதத்தில்தான். மூன்றாம் மாதம் கார்த்திகை. நாலாம் மாதம் மார்கழி, இரட்டை, அனுப்பவும் மாட்டார்கள். ஐந்தாம் மாதம் தை. அம்மா தையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அக்காவின் மாமியார், எங்களுக்கு அத்தை, சொல்லி அனுப்பியது: "தையில மட்டும் மலையில வெயிலா அடிக்கி? மாசி முடியப் பனிதான். அப்ப பங்குனி வரைக்கும் எம்மவன் பொண்டாட்டி பிள்ளை இல்லாம கிடக்கணுமா?"

கார்த்திகை இருபத்தேழு என்று நாள் பார்த்தாயிற்று. டிசம்பர் 12.

யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: இரண்டு வருடத்துக்கு முன் முதல் பிள்ளையையும் இதே மூன்றாம் மாதம்தான் கொண்டுபோனார்கள். மார்கழியில் சளி கட்டி, மூச்சு வாங்கி, ஜீப் கீழே இறங்கிச் சேர்வதற்குள். பிள்ளை படுத்திருந்த வாசல் பக்கத்து அறையில் முதலில் கம்பி ஹீட்டர் வைத்தார்கள். குவார்ட்டர்ஸ் லைன் தாங்காமல் இரண்டு தடவை ஃபியூஸ் போனது. பிறகு கங்குச் சட்டி. கதவைச் சாத்தினால் புகை, திறந்தால் குளிர். இப்போது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அறை இருபத்துநாலில் இருக்கணும். புகை கூடவே கூடாது.

அம்மா சமையலறையில் இருக்கும்போது அக்காவிடம் கேட்டேன். "நீ போக மாட்டேன்னு சொன்னா யாரு கட்டாயப்படுத்துவா?"

பிள்ளைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டே சொன்னாள். "நான்தான் போறேன்னு சொன்னேன். பயந்துக்கிட்டு இங்கன இருந்தா பங்குனியிலயும் பயமாத்தான் இருக்கும்."

கொஞ்சம் கழித்து: "ஏட்டி, அந்த எந்திரம் சத்தம் போடுமா?"

"போடும்."

"போடட்டும். சத்தம் கேட்டா ஓடுதுன்னு தெரியும்லா."

அவள் இரண்டு வருடமாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்கியதில்லை என்று அம்மா சொல்வாள். நான் பக்கத்தில் படுக்கிறேன், எனக்குத் தெரியும். ஃபேன் நின்றால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.


23 நவம்பர், சனி

வானம் வெளுத்தது. ஆற்றில் வெள்ளம் பாலத்தின் கீழ் வளைவைத் தொட்டுக்கொண்டு போகிறதாம். பஸ்ஸில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். நானும்.

நேற்றும் இன்றும் கணக்கு. அத்தான் கொடுத்த அளவுகள்: வாசல் பக்கத்து அறை, 12க்கு 14, உயரம் 11. மூன்று பக்கம் வெளிச்சுவர். இரண்டு ஜன்னல். மேலே மரப்பலகை, அதற்கு மேல் தகரம்.

வெளியே எவ்வளவு குளிரும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் தலை. எஸ்டேட் ஆபீஸில் மழை, வெயில் எழுதும் பதிவேடு இருக்கிறது. அத்தான் போன மார்கழிப் பக்கத்தைப் பார்த்து ஃபோனில் சொன்னார்: காலை, பதினாலு. பதினைந்து. பதினாலு. பதினாலுக்குக் கீழே ஒரு நாளும் இல்லை.

இந்த எந்திரத்தின் குணம் ஒன்று. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக ஒரு வாளி இறைக்க நேரம் ஆகிற மாதிரி, வெளியே குளிரக் குளிர அது இழுத்து வரும் சூடு குறையும். நமக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது குறைவாகக் கொடுக்கும். சில மனிதர்கள் போல.

வெளியே 14 என்றால் அறைக்கு வேண்டியது எட்டுப் பங்கு சூடு. சிறிசு கொடுப்பது பத்துப் பங்கு. போதும். கையிருப்பும் உண்டு.

அண்ணாச்சி தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நூறு சதுர அடிக்கு ஒரு டன்னு. அதுக்கு மேல ஒரு அரை டன்னு தைரியத்துக்கு. முப்பது வருசமா இதான் நம்ம கணக்கு. பெருசத் தூக்கி மாட்டச் சொல்லு தாயி."

"அது இங்கத்திய வெயிலுக்கு அண்ணாச்சி. பெருசு அஞ்சு நிமிசத்துல அறையைச் சுட வச்சிட்டு நின்னுரும். குளிர்ந்ததும் திரும்ப எந்திரிக்கும். சுடும், குளிரும், சுடும், குளிரும். பச்சப்பிள்ளைக்கு அது ஆகாது."

"சின்னது தாங்கலன்னா?"

"தாங்கும்."

"எழுதிக் குடுப்பியா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்தார். அதில் கொஞ்சம் கேலி. எனக்கும் கொஞ்சம் திமிர். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.


27 நவம்பர், புதன்

லேசான வெயில். காலில் சேற்றுப்புண். மஞ்சள் பூசினேன்.

அத்தான் ஃபோன். கொத்தனாரை வைத்து வாசல் பக்கத்து அறையில் எந்திரத்துக்கு ஓட்டை போட்டாயிற்றாம், நான் அனுப்பிய அளவுக்கே. "சுவர் ஒண்ணரை அடி, கருங்கல்லு. ஒரு நாள் முழுக்க இடிச்சான்" என்றார் பெருமையாக.

நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவல் பாதியில் நிற்கிறது. அதில் ஒரு வீட்டில் கிழவர்களும் குழந்தைகளும் அடுப்பின் மேலேயே ஏறிப் படுத்து உறங்குகிறார்கள். முன்பு வேடிக்கையாகப் படித்திருப்பேன். இப்போது அடுப்பு எத்தனை அடி, சுவர் எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம் என்று தேடுகிறேன். எழுதியவர் சொல்லவில்லை. நாயகிக்குக் கல்யாணம் ஆகுமா என்பதைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம்.

ஏதோ ஒன்று இடிக்கிறது. பதினாலு டிகிரியில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆகுமா? குற்றாலத்தில் ஐப்பசி விடியலில் குளித்திருக்கிறோம். அது எத்தனை டிகிரி என்று அப்போது யார் பார்த்தார்கள்.

சனிக்கிழமை நானே போய்ப் பார்த்து வரலாம். அண்ணாச்சி நாலு நாள் லீவு கொடுத்தார். "ஓட்டை போட்ட பொறவு அளவெடுக்கப் போறவளை இப்பத்தான் பாக்கேன்."

எடுத்துக்கொள்ள: பட்டறைத் தெர்மாமீட்டர் (துணியில் சுற்றி), வோல்ட் மீட்டர், டேப், அப்பாவின் மஃப்ளர், நாவல், சேற்றுப்புண் மருந்து, அத்தைக்கு அம்மா தரும் அல்வா.


30 நவம்பர், சனி

மலையிலிருந்து எழுதுகிறேன். விரல் விறைக்கிறது.

சேரன்மகாதேவி வரை இரண்டு பக்கமும் நாற்று, பச்சை. பஸ்ஸில் ஒரு அம்மாள் என் மடியில் கோழி வைத்த கூடையைக் கொடுத்துவிட்டு இறங்கும்வரை வாங்கவில்லை. அடிவாரத்தில் எஸ்டேட் ஜீப். ஏற ஏற காது அடைத்தது. ஒரு வளைவில் வெயில் நின்றுபோனது. அவ்வளவுதான், அதற்கப்புறம் மஞ்சு, மூடுபனி.

இந்த வீட்டுக்கு நான் இதற்கு முன் வந்தது ஒரே ஒரு தடவை. அந்த மார்கழியில்.

வாசல் பக்கத்து அறை. கொத்தனார் போட்ட ஓட்டையைச் சாக்கால் மூடியிருக்கிறார்கள். சாக்கு உள்ளே உப்பி உப்பி அடங்குகிறது. ஜன்னல் இடுக்கில் கையை வைத்தால் காற்று.

அத்தை நான் கொண்டுவந்த தெர்மாமீட்டரைப் பார்த்து, "யாருக்குக் காய்ச்சல்?" என்றாள். விளக்கிச் சொன்னேன். வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ கணக்குப் போட்டா சரியாத்தான் இருக்கும். படிச்ச பிள்ளை."

அதை நம்பிக்கையாகச் சொன்னாளா, பழியைக் கைமாற்றினாளா, புரியவில்லை.


1 டிசம்பர், ஞாயிறு

காலை 5. தெர்மாமீட்டர் வெளியே கொய்யா மரக்கிளையில். டார்ச் அடித்துப் பார்த்தேன்.

எட்டு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும். எட்டு. கார்த்திகை பாதியிலேயே எட்டு.

8.30. பதினாலு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இட்லி ஆறிப்போனது.


2 டிசம்பர், திங்கள்

மஞ்சு. மரம் சொட்டும் சத்தம் மழை போலவே.

5 மணி: ஏழரை.

எட்டு மணிக்கு எஸ்டேட் ஆபீஸ். கிளார்க் வயதானவர், குரங்குக் குல்லாவும் கம்பளிக் கோட்டும். பதிவேட்டை நீட்டினார். அழகான கையெழுத்து. ஒவ்வொரு நாளுக்கும் 'காலை' என்ற கட்டம்.

"இதை எத்தனை மணிக்குப் பாப்பிய?"

"விடிஞ்சதும் பெரட்டு. ஆளுகளை எல்லாம் வரிசையா நிறுத்திப் பேர் எழுதி, வேலைக்கு அனுப்பிட்டு, ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்து பாப்பேன்."

"எட்டரை இருக்குமா?"

"எட்டரை. சமயத்துல ஒம்பது. துரை காலத்துலருந்தே அப்படித்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எட்டரை காலைதான?"

காலைதான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எந்த நேரத்துக் காலை என்று நான்தான் கேட்கவில்லை. பிள்ளை எட்டரைக்கு மட்டும் மூச்சு விடப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

புதுக் கணக்கு. வெளியே எட்டு என்றால் அறைக்கு வேண்டியது பதின்மூன்று பங்கு. சிறிசு அப்போது கொடுப்பது ஏழரை. பாதியை ஒட்டி நின்றுவிடும்.

ஆபீஸிலிருந்து வீடு வரும் இருநூறு அடியில் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். பதிவேட்டில் பதினாலு என்றுதான் இருக்கிறது. அது அரசாங்கத்துக்குப் போகிற பதிவேடு. என்னை யாரும் குறை சொல்ல முடியாது. நான் அதிகாலையில் மரத்தடியில் டார்ச் அடித்துப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தொழிற்சாலைக்கே போய் அத்தானிடம் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓட்டை போட்டாச்சே" என்றார். பிறகு, "முந்தியே பாக்கக் கூடாதா கோமு?" என்றார். பிறகு, "சரி, பெருசையே வச்சிருவோம். உங்க அண்ணாச்சி சொன்னதும் அதானே."

அதுவும் முடியாது என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. நேற்றும் இன்றும் வீட்டு ப்ளக்கில் வோல்ட் மீட்டரை வைத்துக் குறித்திருந்தேன். எந்நேரமும் 205 வோல்ட். காலை 4.45க்கு மட்டும் 160. பல்பு சிவந்து இழை மட்டும் தெரிகிறது. இருபது நிமிடம். பிறகு பழையபடி.

"நாலே முக்காலுக்கு என்ன நடக்கு அத்தான்?"

அவர் முகம் மாறியது. "நான்தான். இலை உருட்டுற ரோலரை ஓட்டுவேன். ஜெனரேட்டர் சூடாகி லோடை எடுக்க இருவது நிமிசம் ஆகும். அதுவரைக்கும் இந்த லைன் கரண்டுதான்."

"கொஞ்சம் தள்ளி ஓட்ட முடியாதா?"

"வாடுன இலை எனக்காகக் காத்திருக்குமா?"

மலையிலேயே குளிர் கூடின நேரம். அதே நேரத்தில் கரண்டை இழுப்பது பிள்ளையின் அப்பா. இரண்டு பேரும் ரோலர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தொழிற்சாலை ஃபோனில் அண்ணாச்சி. எல்லாம் சொன்னேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது தப்பு என்பதையும். 

"நூத்தி அறுவதுல பெருசு எந்திரிக்காது தாயி. ஊளை விடும். கம்ப்ரசர் கருகிரும். ஸ்டெபிலைசரும் அதுக்குக் கீழ கையை விரிச்சிரும்."

"சின்னது?"

"ஓடிக்கிட்டு இருந்தாலும் திக்கும். அந்த இருவது நிமிசம் ரெண்டையுமே நிறுத்தித்தான் வைக்கணும்."

அப்படியானால் பெரிசு ஆகாது, சிறிசு போதாது. இன்னும் பத்து நாள்.


3 டிசம்பர், செவ்வாய்

வெயில் பதினொன்றுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. லீவு முடிந்தது. இன்னும் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன்.

வீடு முழுக்கத் தெர்மாமீட்டருடன் நடக்கிறேன். அத்தை, "அதுக்கும் ஒரு சோறு போடட்டா?" என்கிறாள்.

அதிகாலை 5 மணி அளவுகள் (இன்று):
வெளியே 8
வாசல் அறை 11
கூடம் 12
சமையலறை 13
பூஜை அறை 16

மூன்று தடவை பார்த்தேன். பதினாறு. அளவு எட்டடிக்கு ஒன்பதடி. வீட்டின் நடுவில், மூன்று பக்கம் உள்சுவர். பின்னால் ஒரு சின்ன வெளிச்சுவர். ஜன்னல் இல்லை. தாழ்ந்த பலகை, மேலே பரண் நிறையச் சாமான். வேண்டியது ஐந்து பங்கு. சிறிசு எட்டு டிகிரியிலும் ஏழரை கொடுக்கும். இருபது நிமிடம் நின்றாலும் இந்த அறை சூட்டைப் பிடித்து வைக்கும்.

எந்திரத்துக்கு அளவு தேடிக்கொண்டிருந்தேன். அளவு மாற வேண்டியது அறைக்கு.

ஆனால் பூஜை அறை. அத்தை குளிக்காமல் அதன் நிலைப்படியை மிதிக்கமாட்டாள். அக்கா கல்யாணமாகி வந்து ஐந்து வருடத்தில் மாதம் மூன்று நாள் அந்தப் பக்கத்துக் கூடத்துக்குக்கூட வந்ததில்லை. அங்கே ஒரு தாய் பிள்ளையோடு படுத்து, பால் கொடுத்து, ஈரத் துணி மாற்றி. எப்படிக் கேட்பது? அத்தானிடம் சொன்னேன். "அம்மாட்ட நீயே கேளு" என்று சைக்கிளை எடுத்தார்.

வீட்டுப் படம் வரைந்து, பூஜை அறைக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, நாவலுக்குள் வைத்தேன்.

சாயங்காலம் அத்தை அல்வா டப்பாவுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாவலிலிருந்து தாள் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது நம்ம வீடா?"

"ஆமா."

"அடுப்பாங்கரை இது. கூடம் இது." விரல் ஊர்ந்து நடுவில் நின்றது. "இது எதுக்கு அடிச்சிருக்கு?"

"அது... பூஜை ரூம்பு அத்தை. அங்கதான் சூடு நிக்கும். ஆனா முடியாதுன்னு நானே அடிச்சிட்டேன்."

"முடியாதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"எத்தன?"

"பதினாறு டிகிரி. வாசல் அறையில பதினொண்ணு."

அத்தைக்கு எண்களில் பழக்கமில்லை. இந்த இரண்டையும் மட்டும் உதட்டை அசைத்துத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.  இரவு ரசத்தில் உப்பில்லை. 


4 டிசம்பர், புதன்

காலை அளவு எடுக்க எழுந்தால் பூஜை அறையில் விளக்கு. அத்தை தலை குளித்து, ஈரக்கூந்தலோடு, முக்காலியில் ஏறி நின்று சாமிப் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து படம். கீழே வாங்க யாருமில்லாமல் ஒவ்வொன்றாக இடுப்பில் இடுக்கி இறங்கி, சமையலறை அலமாரிக்குக் கொண்டுபோய், திரும்ப ஏறி.

ஓடிப்போய் முக்காலியைப் பிடித்தேன்.

"குளிச்சியா?"

"இல்ல."

ஒரு நொடி யோசித்தாள். "சரி, பிடி" என்று முருகன் படத்தை என் கையில் கொடுத்தாள்.

அலமாரியில் உளுந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தோம். அத்தை முந்தானையால் ஒவ்வொரு கண்ணாடியையும் துடைத்தாள்.

"கண்ணாடிக்குள்ள இருக்கவுகளுக்கு என்ன குளிரு" என்றாள்.

பிறகு, அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "அந்தப் பிள்ளைக்கு வாசப்பக்கத்து ரூம்பு. சாமிக்கு நடு ரூம்பு. ராவெல்லாம் அங்கன சட்டியில கங்கு அள்ளிப் போட்டது நான்தான். அஞ்சு டிகிரி இங்கன சும்மா கிடந்திருக்கு."

 முருங்கைக்கீரை உருவினேன்.

"உங்க அக்காட்ட சொல்லு. அந்த மூணு நாளும் அவ அங்கனதான் படுக்கணும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மத்தியானம் கொத்தனார் திரும்ப வந்தார். முன் ஓட்டையை அடைத்துப் பின் ஓட்டையைப் போடச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வீட்ல எந்திரம் வைக்கியளா, எலி பிடிக்கியளா?"


8 டிசம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமை இறங்கி, இன்று அண்ணாச்சியோடும் சிறிசோடும் மறுபடி ஏறினேன். வளைவுகளில் எந்திரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

அறைக்குச் செய்தவை:
பலகை இடுக்கில் பேப்பர் கூழ், பழைய கம்பளி.
கூரைக்கு அடியில் உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகள். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும், அந்தப் பக்கம் கீழ்நோக்கி. (அத்தான் யோசனை. தேயிலையைக் காப்பாற்றுவது பிள்ளையையும் காப்பாற்றட்டும் என்றார்.)
கதவுக்கு அடியில் மணல் அடைத்த துணி.
காற்று வந்துபோக மேலே இரண்டு விரல் இடைவெளி. அதை மட்டும் அடைக்கவில்லை.

மாட்டி ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் இருபத்துநாலு. கையெழுத்துப் போட்ட தாளை அண்ணாச்சி பையிலிருந்து எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். கம்ப்ரசரின் அடியில் ஆடாமலிருக்க மடித்துச் சொருகினார்.

"எவனும் எந்திரத்தைப் பெருசாக்குவான். ரூம்பைச் சிறுசாக்குனவ நீதான்வே" என்றார். ஆண்களிடம் மட்டும் சொல்லும் அந்த 'வே' என்னிடம் இதுவரை வந்ததில்லை.

இன்னும் அந்த இருபது நிமிடம் பாக்கி. காலி அறையில் சோதித்தது கணக்கில் வராது. கதவு திறந்து மூடும், ஈரத் துணி இருக்கும், ஒரு பிள்ளை இருக்கும்.


12 டிசம்பர், வியாழன். கார்த்திகை 27

கீழே தூறல். மேலே மஞ்சு.  ஜீப்பில் அக்கா பிள்ளையின் முகத்தை மூடிய துணியை விலக்கி விலக்கி மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். வெயில் நின்றுபோகும் அந்த வளைவில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

ஆரத்தி. வலது காலை எடுத்து வைத்தாள். பழக்கத்தில் வாசல் அறைப் பக்கம் திரும்பியவளை அத்தை தோளைத் தொட்டு நடு அறைக்குத் திருப்பினாள். அக்கா நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"நான் குளிக்கலையே அத்தை."

"உள்ள போம்மா. பிள்ளைக்கு ஈரக்காத்து அடிக்கி."


13 டிசம்பர், வெள்ளி. காலை 6.50

4.30. வெளியே 8. உள்ளே 24.

4.40. எந்திரத்தை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் வீடே நின்ற மாதிரி. அக்கா எழுந்து உட்காரப் போகிறாள் என்று அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். புரண்டாள். எழவில்லை.

4.45. தொழிற்சாலையில் ரோலர். பல்பு சிவந்தது.

4.55. உள்ளே 23½.

நிலைப்படியில் அத்தை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு. எப்போது வந்தாள் என்று தெரியாது. "எத்தன?" என்றாள் பைய.

"இருவத்திமூணரை."

"குறையுதா?"

"கொஞ்சம்."

5.05. 23. பல்பு பழையபடி வெளுத்தது. எந்திரத்தைப் போட்டேன். முனகியது. ஒரு தடவை நடுங்கியது. பிடித்துக்கொண்டது.

"இருவத்திமூணு நல்லதா?" என்றாள் அத்தை.

"நல்லது அத்தை."

அவள் அங்கேயே நிலைப்படியில் தலையைச் சாய்த்தாள்.

5.40. 24.

6.30. கூடத்தில் வெளிச்சம் வந்த பிறகு அக்கா விழித்தாள். திடுக்கிட்டு முதலில் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். அப்புறம் நெஞ்சை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"விடிஞ்சிட்டா? நான் உறங்கிட்டேனாட்டி?"

"ஆமா."

"எந்திரம் நிக்கவே இல்லியா?"

"நின்னுச்சு. இருவத்தஞ்சு நிமிசம்."

நம்பாமல் எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பாலுக்கு அழ ஆரம்பித்தான், நல்ல சத்தமாக. அத்தை உள்ளே வந்து, சாமிப் படங்கள் தொங்கிய ஐந்து ஆணிகளிலும் அவனுடைய ஈரத் துணிகளை வரிசையாகக் காயப்போடுகிறாள்.